உளுந்தின் மேல் ஓடிய கார்கள்

நாளைக் காலை எட்டு மணி முதல் பதினோரு மணி வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ், லாரி எதுவும் ஓடாது என்ற நோட்டீஸை ஐம்பது காப்பி எடுத்துக் கொடுத்தவள் நான்தான். மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் அப்போது எனக்கு வேலை. 2006ஆம் வருஷம், பங்குனி மாதம். ஸ்டேஷனிலிருந்து வந்த ஏட்டு பேப்பரை மேஜைமேல் போட்டுவிட்டு, நேராக மின்விசிறிக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.

"என்னா சார், மந்திரி யாராவது வர்றாரா?" என்று கேட்டேன்.

"மந்திரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெட்ராஸ்லேருந்து பாண்டிக்குப் பழைய காருங்க வருதாம். வெள்ளக்காரன் காலத்து வண்டி. எழுவது வண்டி வரிசையா வருதாம். அவங்களுக்குப் பொழுதுபோக்கு, நமக்கு வெயில்ல நிக்கற வேல."

எனக்குக் கை பரபரத்தது. இருபத்து நாலு வயதுவரை நான் பார்த்த பழைய வாகனம் எங்கள் அண்ணனின் சைக்கிள் மட்டும்தான். கடைக்காரரிடம் அப்போதே மறுநாள் காலைக்கு லீவு சொல்லிவிட்டேன். நோட்டீஸின் கடைசி வரியை, சாலையோரத்திலுள்ள தள்ளுவண்டி, பெட்டிக்கடை, ஆடு மாடு எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும் என்ற வரியை, ஐம்பது தடவை பார்த்தும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டிருந்தால் அடுத்த நாள் நடந்த எதுவும் நடந்திருக்காது.

எங்கள் நிலத்தைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். மரக்காணத்துக்குத் தெற்கே, ரோட்டுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் அரை ஏக்கர். சுனாமி அன்றைக்குக் கடல் ஓடை வழியாக ஏறி வந்து அதில் ஒன்பது நாள் நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் மண்மேல் வெள்ளை பூத்திருந்தது. அண்ணன் உப்பளத்தில் மேஸ்திரி. அவனுக்கு அந்த வெள்ளையைப் பார்த்ததும் வேறு யோசனை. நிலத்தைப் பாத்தி பாத்தியாகக் கட்டி உப்பளத்தோடு சேர்த்துவிடலாம், இனிமேல் இதில் உப்புதான் விளையும் என்று சொல்லிவிட்டான்.

அண்ணி வானூர்ப் பக்கத்துப் பெண். செம்மண்ணில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி வளர்ந்தவள். உப்பளத்துக்கு வாக்கப்பட்டு வந்து ஆறு வருஷத்தில், அந்த அரை ஏக்கரில் இறங்கி நிற்கும்போது மட்டும்தான் அவள் முகத்தில் சொந்த ஊர்க் களை வரும். சத்தமாகப் பேசிக்கூடக் கேட்டதில்லை. ஆனால் பாத்தி என்ற பேச்சு வந்ததும், "கட்டக் கூடாது" என்றாள். இரண்டே வார்த்தை. அண்ணனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

அதற்கடுத்த ஐப்பசி கார்த்திகையில் வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. நிலத்தில் நின்ற தண்ணீரை அண்ணி திரும்பத் திரும்ப வெட்டிவிட்டாள். உப்பு கழுவிக்கொண்டு போகும் என்று அவளுக்கு நம்பிக்கை. தை பிறந்ததும் உளுந்து தெளிக்கப் போகிறேன் என்றாள். அண்ணன் சிரித்தான்.

"ஒரே ஒரு மூட்ட உளுந்து இந்த மண்ணுல எடுத்துக் காட்டு. அப்புறம் நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலன்னா சித்திரையில பாத்தி கட்டிடுவேன். பாப்பா, நீதான் சாட்சி."

பாப்பா என்றது என்னை. வழக்கமாக நாத்தனார்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் அண்ணி பக்கம் நின்றேன். அண்ணன் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

உளுந்து வந்தது. ஓரத்தில் சொட்டை சொட்டையாக இருந்தாலும் நடுவில் நன்றாகவே வந்தது. பங்குனியில் செடியைப் பிடுங்கி வரப்பில் போட்டுக் காயவைத்தோம். மூன்று நாள் காய்ந்தாயிற்று, இனி அடித்தால் உளுந்து, என்று இருந்தபோதுதான் தெற்கே மேகம் கட்ட ஆரம்பித்தது. பங்குனியில் மழையா என்று கேட்காதீர்கள், அந்த வருஷம் அப்படி. காய்ந்த உளுந்தங்காய் ஒரு மழையில் நனைந்தால் செடியிலேயே முளைவிட்டுவிடும். ஒரு மூட்டை என்ன, ஒரு படிகூடத் தேறாது.

அடிக்க ஆள் கிடைக்கவில்லை. மேகம் கட்டினால் எங்கள் ஊரில் ஒரு கூலி ஆள் வெளியே கிடைக்காது. எல்லோரும் உப்பளத்தில் உப்பு அம்பாரத்தின் மேல் ஓலைக் கீற்றுப் போட ஓடிவிடுவார்கள். உப்பு நனைந்தால் கரைந்து போய்விடும் அல்லவா. அண்ணன்தான் அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். டிராக்டர்க்காரர் தேர்தல் கூட்டத்துக்கு ஆள் ஏற்றப் போய்விட்டார். மிச்சம் இருந்தது ரோடுதான். எங்கள் பக்கத்தில் உளுந்தைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவது வழக்கம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி, காய் உடைந்து உளுந்து உதிரும். டிரைவர்கள் திட்டுவார்கள். திட்டிக்கொண்டே மேலே ஏற்றிப் போவார்கள். ஆனால் மறுநாள் பஸ்ஸே கிடையாது.

நோட்டீஸ் விஷயத்தை அண்ணியிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"எத்தினி காருன்னு சொன்ன?"

"எழுவது, அண்ணி."

"ஒண்ணு பின்னால ஒண்ணா வருமா?"

"வரிசையாத்தான் வருமாம்."

"வேகமாப் போவுமா?"

"பழைய வண்டி, அண்ணி. அதுங்க எங்க வேகமாப் போவப் போவுது."

"அப்ப போட்டுடலாம்" என்றாள்.

எனக்கும் அது பிரமாதமான யோசனையாகத்தான் பட்டது. எழுபது வண்டி, நடுவில் ஆடு மாடு இல்லை, சைக்கிள் இல்லை, போலீஸ் காவல் வேறு. உளுந்து அடிக்க இதைவிட என்ன வேண்டும்? அந்தக் கார்களைப் பற்றி இப்படி ஒரு யோசனை மெட்ராஸில் ஒருத்தருக்கும் வந்திருக்காது.

காலையில் பனி ஈரம் போகக் காத்திருந்து, ஏழரைக்கு மேல்தான் செடியைக் கட்டுக் கட்டாகத் தூக்கிவந்து ரோட்டில் பரப்பினோம். ஈரத்தில் காய் தோல்போல் வளையும், உடையாது. வெயில் பட்டுச் சலசலப்பு வரும் நேரத்தில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் சனம் சேர ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன்கூடையோடு நின்ற அம்மாக்கள், சட்டை போட்டுக்கொண்டு வந்த தாத்தாக்கள். திருவிழாவில் சாமி வரக் காத்திருப்பவர்கள் மாதிரி எல்லோரும் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போதுதான் ஏட்டு மோட்டார் சைக்கிளில் வந்தார்.

"யாரும்மா இது? எடு, எடு! எல்லாத்தையும் எடு!"

"எதுக்கு சார் எடுக்கணும்?" என்றேன்.

"நோட்டீஸ் குடுத்தமே, பாக்கல?"

"நோட்டீஸ்ல தள்ளுவண்டி, பெட்டிக்கட, ஆடு மாடுன்னுதான் பேரு போட்டிருக்குது. உளுந்துன்னு எங்க போட்டிருக்குது? அம்பது காப்பி எடுத்தவ நானு. எனக்குத் தெரியாதா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "ஏம்மா, நீ ஜெராக்ஸ் கட பொண்ணு இல்ல? ஒன் வாய்க்கு வரி போட்டா ஒங்க வீடு தாங்காது. எடும்மா மொதல்ல!"

அதற்குள் அவர் தோளிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. முதல் வண்டி பஸ் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது. அவர் தலையில் அடித்துக்கொண்டு, "சரி, சரி, எல்லாத்தையும் ஒரு பக்கமாத் தள்ளு, பாதி ரோட்டையாவது விடு" என்று கத்தினார். நாங்கள் மூச்சு வாங்க எல்லாவற்றையும் இடது பாதிக்கு இழுத்தோம். இழுத்து நிமிர்ந்தால் கார் வந்துவிட்டது.

ஐயோ, அந்த முதல் காரை எப்படிச் சொல்வேன்! பச்சை நிறம். மேலே கூரை இல்லை. முன்னால் பூசணிக்காய் அளவுக்கு இரண்டு விளக்கு. சக்கரத்தில் மரத்தாலேயே ஆரக்கால். ஓட்டியவர் கழுத்தில் பட்டாம்பூச்சி டை, பக்கத்தில் பெரிய தொப்பி போட்ட அம்மா. ரப்பர் பந்தை அழுத்தினால் பூம் பூம் என்று அடிக்கும் ஹாரன். சனம் ஓவென்று கத்தியது. நானும் கத்தினேன். கார் எங்கள் உளுந்தைப் பார்த்ததும் மரியாதையாக வலது பக்கம் ஒதுங்கி, ஒரு செடியைக்கூடத் தொடாமல் போய்விட்டது.

பின்னாலேயே மஞ்சள் கார். அதுவும் ஒதுங்கியது. அடுத்து நீலம். அதுவும். நல்ல மனுஷர்கள். யாரோ காயவைத்த பயிர், மிதித்தால் பாவம் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. ரோட்டின் ஓரத்துக்கே ஓடி, "மேல ஏத்துங்க சார், மேல ஏத்துங்க!" என்று இரண்டு கையையும் வீசினேன். ஒருத்தர் பதிலுக்குக் கையாட்டினார். இன்னொருத்தர் நான் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். தொப்பிக்கார அம்மா ஒருத்தி என் பக்கமாக மிட்டாயை வீசினாள். மிட்டாய்! பிள்ளைகள் என் காலுக்குக் கீழே விழுந்து பொறுக்கினார்கள். நான் அழாத குறை.

பத்துப் பன்னிரண்டு கார் இப்படியே போயிற்று. தெற்கே பார்த்தேன், மேகம் கறுத்து உப்பளத்தின் மேலேயே வந்து நின்றது. அந்தக் கார்கள் போய்விட்டால் பதினோரு மணிவரை ரோட்டில் காக்கை குருவி கிடையாது. அதற்குள் மழை வந்துவிடும். சித்திரையில் அண்ணன் பாத்தி கட்டிவிடுவான். அண்ணி இனி வாழ்நாள் முழுக்க உப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். காணோம்.

அவள் ரோட்டின் நடுவில் நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். உளுந்துச் செடியை வாரி வாரி வலது பாதியிலும் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஒரு நொடி திகைத்துவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். அடுத்த கார் வருவதற்குள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தார் கண்ணுக்குத் தெரியாமல் மூடிவிட்டோம். ஒதுங்க இடமே இல்லை.

சிவப்புக் கார் ஒன்று வந்து நின்றது. அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. ஹாரன்கள் வகை வகையாக அலறின. ஏட்டு லத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பைத்தியமாம்மா ஒனக்கு? கேஸ் போட்டுருவேன்!"

சிவப்புக் காரை ஓட்டிவந்தவர் வெள்ளை மீசைக்காரர், எழுபது வயது இருக்கும். கண்ணில் மோட்டார் சைக்கிள்காரர்கள் மாதிரிக் கண்ணாடி. அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "கொஞ்சம் இருங்க சார்" என்று ஏட்டை நிறுத்தினார். பிறகு அண்ணியிடம், "என்னம்மா பிரச்சினை? எங்க வண்டி ஏதாவது பயிரை மிதிச்சிடுச்சா?" என்றார்.

"மிதிக்கலயேன்னுதாங்க பிரச்சின" என்றாள் அண்ணி.

அவருக்குப் புரியவில்லை. அண்ணி ஒரு காயை எடுத்து அவர் கண்ணுக்கு நேரே விரலால் நசுக்கினாள். உள்ளங்கையில் ஆறேழு கறுப்பு உளுந்து உருண்டது.

"இப்படி உடையணுங்க. அதுக்குத்தான் ரோட்டுல போட்டிருக்கோம். நீங்க பாட்டுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனா நாங்க என்னா பண்றது? மழ வருது பாருங்க."

"சாப்பிடற பொருள் மேல எப்படிம்மா காரை ஏத்தறது?"

"நீங்க காலைல இட்லி சாப்புட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"அதுல போட்ட உளுந்து மேல எதுவும் ஏறாமலா ஒங்க தட்டுக்கு வந்துச்சு?"

அவர் அப்படியே ஸ்டீயரிங்கில் சாய்ந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற சனமும் சிரித்தது. ஏட்டு மட்டும் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். பெரியவர் கண்ணாடியை மறுபடி கண்ணில் மாட்டிக்கொண்டு கியரைப் போட்டார். சிவப்புக் கார் மெதுவாக ஏறியது. படபடபட என்று தீபாவளிச் சரம் மாதிரி காய் வெடித்தது. உளுந்து நாலா பக்கமும் தெறித்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தை அதற்கு முன்னால் கேட்டதில்லை.

ஆனால் ஒரு சிக்கல். அந்தக் காலத்துக் காருக்குச் சக்கரம் சன்னம். பஸ் டயர் ஏறினால் ஒரு முழ அகலத்துக்கு உடையும், இது நாலு விரல் அகலத்துக்குத்தான் கோடு போட்டது. அடுத்த காரும் அதே கோட்டில் வந்தது. எழுபது காரும் ஒரே கோட்டில் போனால் என்ன பிரயோசனம்? அண்ணி ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

"நீங்க இந்தப் பக்கம் வாங்க. ஐயா, நீங்க அந்தப் பக்கம். ஓரத்துல, ஓரத்துல! ஆங், அப்படியே நேரா!"

சத்தமாகவே பேசாத என் அண்ணி! ஆறு வருஷமாக அந்தக் குரலை எங்கே வைத்திருந்தாளோ தெரியாது. அவள் குச்சி காட்டிய பக்கம் கார் போயிற்று. வெள்ளைக் கார், ஊதாக் கார், பாதி மரத்தால் செய்த கார், படகு மாதிரி நீளமான கார், ராஜா தலைப்பாகை கட்டியவர் ஓட்டிய கார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோட்டில் ஏறியது. பெயின்ட் கெட்டுப்போகும் என்று ஒருத்தர் மட்டும் முணுமுணுத்தார். "பெயின்ட் அடிச்சுக்கலாம் சார், உளுந்து அடிக்க முடியாது" என்றேன். அவரும் ஏற்றினார். ஒரு காரின் சக்கர ஆரக்காலில் செடி சுற்றிக்கொண்டு அப்படியே போய்விட்டது. எங்கள் உளுந்தில் ஒரு பிடி பாண்டிச்சேரி கடற்கரை வரைக்கும் போயிருக்கும்.

பெரிய கறுப்புக் கார் ஒன்று வந்தது. அதற்கு மட்டும் டயர் நல்ல அகலம். அண்ணி கண் விரிந்தது. அது ஏறி இறங்கியதும், "ஐயா, கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்க" என்றாள்.

"அண்ணி, பாவம், அவர் எங்கயோ போறவரு" என்று காதில் சொன்னேன்.

"போவட்டும். ஒரு தடவ பின்னால வந்துட்டுப் போவட்டும்."

அவர் எடுத்தார்! கியர் அலறியது, புகை கிளம்பியது, கார் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனது. சனம் விசில் அடித்தது. ஓட்டியவர் எழுந்து நின்று எல்லோருக்கும் கையாட்டினார், பந்தயத்தில் ஜெயித்தவர் மாதிரி. நடுவில் என் பக்கத்தில் யாரோ கவைக்கோலால் செடியைப் புரட்டிப் போடுவது தெரிந்தது. பார்த்தால் ஏட்டு. தொப்பியைக் கழற்றி மோட்டார் சைக்கிள் மேல் வைத்திருந்தார்.

"என்னா பாக்கற? பொரட்டிப் போட்டாத்தான் அடிக்காயி ஒடையும். நாங்களும் உளுந்து வெச்சவங்கதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க எஸ்.ஐ. கிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார்.

எழுபது கார் பார்க்க லீவு போட்டவள் நான். உண்மையைச் சொன்னால் பாதிக்கு மேல் காரை நான் பார்க்கவேயில்லை. சக்கரத்தைத்தான் பார்த்தேன். எந்தச் சக்கரம் எந்த இடத்தை விட்டுவிட்டது, எங்கே இன்னும் உடையவில்லை என்பதுதான் என் கவலை. அதில் எனக்கு இன்றுவரை வருத்தமே இல்லை.

கடைசிக் கார் தெற்கே மறைந்தபோது காற்று கிளம்பிவிட்டது. மழைக்கு முன்னால் வரும் ஈரக்காற்று. தூற்றுவதற்கு அதைவிட நல்ல காற்று கேட்டாலும் கிடைக்காது. செடியை உதறி ஓரத்தில் தள்ளி, ரோட்டைத் துடைப்பத்தால் கூட்டினோம். காரைப் பார்க்க வந்த மீன்கார அம்மாக்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே முறத்தை வாங்கிக்கொண்டார்கள். நாலு முறம் ஒரே நேரத்தில் உயர்ந்து இறங்கியது. தூசு வடக்கே பறந்தது, உளுந்து காலடியில் குவிந்தது. அண்ணி சாக்கின் வாயைப் பிடித்துக்கொள்ள, நான் அள்ளி அள்ளிப் போட்டேன். சாக்கு நிரம்பியது. அவள் கோணி ஊசியால் அதன் வாயைத் தைத்தாள். மீதி உளுந்தை என் துப்பட்டாவில் கட்ட வேண்டியிருந்தது. அண்ணியைக் கட்டிக்கொண்டேன். "ஏய், விடு, தூசு" என்றாள், ஆனால் அவளும் விடவில்லை.

முதல் தூறல் விழும்போது அண்ணன் வந்தான். உப்பளத்தில் கீற்றுப் போட்டு முடித்த கையோடு சைக்கிளை மிதித்திருக்கிறான். முட்டிவரை உப்புச்சேறு. வழியெல்லாம் சனம் அவனை நிறுத்தி, உன் பொண்டாட்டி போலீஸ்காரரையே களத்து வேலை செய்ய வைத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறது. திட்டப் போகிறான் என்று நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் திட்டவில்லை. சாக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தான். என் துப்பட்டா முடிச்சிலிருந்து ஒரு உளுந்தை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தான். உப்பளத்துக்காரன் எதையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் நம்புவான். கொஞ்ச நேரம் மென்றான்.

"கரிக்கல" என்றான்.

தூறல் பெரிதாகிக்கொண்டிருந்தது. அவன் அண்ணியின் முகத்தைப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அடுத்து என்னா போடப் போற?"

"அத நான் பாத்துக்கறேன்" என்றாள் அண்ணி. "நீங்க மொதல்ல மூட்டயத் தூக்குங்க, நனையுது."

அண்ணன் குனிந்து தூக்கினான்.